டேரிலின் சைலன்சர்

டீக்கு நன்றி, சார்ஜென்ட். பால் கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

இந்த டுவாட்டபெரே ஊரில் முப்பது வருடமாகத் துப்பாக்கி பழுதுபார்க்கிறேன். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. டேரில் மெக்கியூன்கூடச் சொன்னதில்லை, அவன் எதிலும் நொட்டை சொல்கிறவன்.

அவன் வேட்டையாடும் விதம் எனக்கு அருவருப்பு. சுடுவான், மான் அடிபட்டு ஓடினால் பின்னால் போகமாட்டான். போன வருடம் அப்படி ஒரு பெண்மானைப் பார்த்தேன். கீழ்த்தாடை இல்லை. அது இருந்த இடத்தில் புழு நெளிந்தது. தின்ன முடியாமல் எலும்பும் தோலுமாக ஓடைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றது. நான்தான் முடித்துவைத்தேன். அந்த நாற்றம் ஒரு வாரம் மூக்கைவிட்டுப் போகவில்லை.

டேரிலிடம் சொன்னேன். மட்டன் அடைத்த பேஸ்ட்ரியை மென்றுகொண்டே சிரித்தான்.

"விடுப்பா லெஸ். அது தானா செத்துரும். அதுக்காக அந்தப் பள்ளத்துல யாரு எறங்குறது? ஒனக்கு வயசாயிருச்சு, அதான் மானுக்கெல்லாம் மூக்கச் சிந்துற."

வாயோரம் கொழுப்பு வழிந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

மார்ச்சில் துப்பாக்கியோடு வந்தான். குழல் முனையில் பிரேக் மாட்டியிருந்தான்; தோளில் உதை குறையும், ஆனால் சத்தம் காதைக் கிழிக்கும்.

"இதக் கழட்டிட்டு சைலன்சர் போட்டுக் குடு. நான் சுட்டாலே நாய் வண்டிக்கடியில பூந்துக்குது."

இங்கே எல்லோரும் போடுவதுதான். பிரேக்கைக் கழற்றி, குழல் முனையின் திருகு மரையைத் துடைத்து, சைலன்சரைப் பொருத்தினேன். நேராக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

மலையில் மாட்டிக்கொண்டவன் மூன்று முறை சுடுவான். கேட்டவன் தேடி வருவான். சைலன்சர் போட்டவனும் அதைக் கையால் திருகிக் கழற்றிவிட்டுச் சுடலாம். டேரிலுடையதைக் கழற்ற முடியாது. மரையில் பசை வைத்திருந்தேன். உதவி கேட்கும் கருவி கோழைகளுக்கு என்று அவன் எடுத்துப் போவதே இல்லை.

ஏப்ரலில் அவன் தனியாகப் போன பள்ளத்தாக்குக்கு நானும் போனேன். அவன் முழங்காலில் ஒரே குண்டு. சுட்டது யார் என்று அவனுக்குத் தெரியாது. மூன்று முறை சுட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று. முகட்டுக்கு அந்தப் பக்கம் வேட்டைக்காரர் குடிலில் ஆறு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காதிலும் விழவில்லை. பிறகு சைலன்சரை இரண்டு கையாலும் திருகினான், பல்லால்கூடக் கடித்துப் பார்த்தான். முகமெல்லாம் எச்சிலும் ரத்தமுமாக இருந்தது. தோட்டா தீர்ந்ததும் கத்தினான். ஓடைச் சத்தத்தில் அதுவும் எடுபடவில்லை.

முடிய இரண்டு நாள் ஆயிற்று, சார்ஜென்ட். நான் எங்கும் போகவில்லை. எதிர்ச்சரிவில், புதருக்குப் பின்னால், அவன் மூச்சு நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அடிபட்ட உயிரைத் தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வராது.