ஐம்பத்திரண்டுக்குப் போர்த்திய பொன்னாடை

...சரி, புள்ளிவிவரம் போதும். பின்வரிசையில ரெண்டு பேருக்குக் கண்ணு சொருகுது, எனக்கு இங்கிருந்தே தெரியுது. ஒரு சின்னக் கதைக்குள்ள போயிட்டு வந்துருவோம், வாங்க. யாரோ எங்கேயோன்னு நினைக்காதீங்க. நானே முட்டாளா நின்ன கதை.

எங்க திண்டுக்கல்லயும் உங்களை மாதிரி ஒரு நடைப்பயிற்சிச் சங்கம். நான்தான் தலைவர். காலையில அஞ்சரைக்கு மைதானம், ஏழு மணிக்கு சுக்குக் காபி, நடுவுல ஊர்வம்பு. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அப்புறம் எல்லார் கையிலயும் இந்த வாட்ச் வந்துச்சு பாருங்க... அன்னைக்குப் பிடிச்சது சனி! "உங்களுக்கு எத்தனை?" "எனக்கு எழுபது." "எனக்கு அறுபத்தாறு!" என்ன எண்ணு? சும்மா உக்காந்திருக்கும்போது இதயம் நிமிஷத்துக்கு எத்தனை தடவை துடிக்குதுங்கிற எண்ணு. நல்லா நடக்கிறவங்களுக்கு அது குறையும்னு யாரோ சொல்லிட்டாங்க. விடுவோமா நாங்க? யாருக்கு ரொம்பக் குறைஞ்சிருக்கோ அவங்களுக்கு வருஷ விழாவுல பொன்னாடைன்னு தீர்மானமே போட்டோம். முன்மொழிஞ்சது யாரு? ...நான்தான்.

ஜெயிச்சது கோமளவல்லி அம்மா. தபால் ஆபீஸ்ல வேலை, அம்பத்தோரு வயசு. போன வருஷம் எழுபத்தாறு இருந்த துடிப்பு, இந்த வருஷம் அம்பத்திரண்டு! பொன்னாடையைப் போர்த்தி, மைக்கைக் கையில கொடுத்து, "ரகசியத்தைச் சொல்லுங்கம்மா"ன்னேன். அந்தம்மா கரகரத்த குரல்ல, மெதுவா சொன்னாங்க: "சார்... நான் ஒண்ணுமே பண்ணலை சார். நாலு மாசமா சரியா நடக்கக்கூட இல்லை. ஒரு ரவுண்டு போனாலே அசந்து போறேன். பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன்."

உண்மையை ஒரு மனுஷி மைக்குல சொல்லுது. நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா? "ஆகா, என்னா தன்னடக்கம்! என்னா தன்னடக்கம்!" கைதட்டு... அப்படி ஒரு கைதட்டு.

கைதட்டாதது ஒரே ஒரு ஆள். ஃப்ளோரா மேரின்னு எங்க உறுப்பினர், நர்ஸா இருந்து ஓய்வு பெற்றவங்க. நேரா மேடையேறி வந்து அந்தம்மா கையைப் பிடிச்சாங்க.

"என்ன கோமளா, இந்தச் சித்திரை வெயில்ல கை இப்படிச் சில்லுனு இருக்கு? முகமும் உப்பிக் கிடக்கு. தைராய்டு மாத்திரை போட்டுக்கிட்டிருந்தியே, போடுறியா?"

"அது... தீபாவளியோட நிறுத்திட்டேன்க்கா. அதான் தினம் நடக்கிறோமே, இனி எதுக்குன்னு. அப்புறம் நம்பரும் இறங்கிச்சு, எல்லாரும் பாராட்டினாங்களா... சரியாத்தான் இருக்குன்னு நினைச்சுட்டேன்."

ஃப்ளோரா என் பக்கம் திரும்பினாங்க பாருங்க... "தலைவரே, உங்க மரியாதை எல்லாம் அப்புறம். முதல்ல ஒரு ஆட்டோவைக் கூப்பிடுங்க!"

ரத்தப் பரிசோதனை எடுத்தாங்க. டாக்டர் எங்களை உக்கார வச்சுச் சொன்னார். "தைராய்டு சுரப்பு குறைஞ்சா உடம்போட வேகமே குறையும். இதயமும் கூடவே மெதுவாகும். இது நடந்து வாங்கின அம்பத்திரண்டு இல்லைங்க, நோய் கொடுத்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம்." எனக்குத் தலை நிமிரலை. அவங்க உயிர் போயிட்டிருந்துச்சு, நான் பொன்னாடை போர்த்தியிருக்கேன்!

மறுபடி மாத்திரை ஆரம்பிச்சாங்க. துடிப்பு அறுபது ஆச்சு, அறுபத்தெட்டு ஆச்சு. உடனே எங்க ஆளுங்க என்ன சொன்னாங்க? "ஐயையோ, ஏறுதே! மாத்திரையைக் குறைங்கம்மா!" திருந்துவோமா நாங்க? நல்லவேளை, அந்தம்மா இந்தத் தடவை டாக்டரைக் கேட்டாங்க. அவர் சிரிச்சார். "ஏறட்டும்மா, பழைய நிலைக்கு வர்றீங்க. சும்மா இருக்கும்போதே நூறைத் தாண்டிப் படபடன்னு அடிச்சு, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டினா மாத்திரை அளவு அதிகமாயிருக்கலாம். அப்பவும் நீங்களா குறைக்காதீங்க, நிறுத்தாதீங்க. எங்கிட்ட வாங்க, ரத்தம் பார்த்துச் சொல்றேன்."

இப்ப அவங்க நல்லா இருக்காங்க. தினமும் மூணு ரவுண்டு, என்னை முந்திக்கிட்டுப் போறாங்க.

எதுக்குங்க இதைச் சொன்னேன்? உங்க கையிலயும் வாட்ச் மினுக்குது, அதுக்குத்தான். அடுத்தவர் எண்ணோட உங்க எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காதீங்க. போன மாசத்து உங்க எண்ணோட பாருங்க. காரணமில்லாம இறங்குதா? காரணமில்லாம ஏறுதா? தைராய்டு இருக்கிறவங்களா? டாக்டர்கிட்ட போய்ச் சொல்லுங்க. அது மார்க்கு இல்லை, உடம்பு சொல்ற சேதி.

இன்னொண்ணு... வாட்ச் சொன்னதை நாங்க நம்பினோம். எதிர்ல நின்னு "முடியலை"ன்னு சொன்ன மனுஷியை நம்பலை. தயவுபண்ணி நீங்க நம்புங்க.