மூன்றாம் மாடியின் மாற்றுச் சாவி

வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை, மேடம். குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிட வேண்டும். படிக்கட்டில் பல்பு போனால் மாற்ற வேண்டும். யார் என்ன கத்தினாலும் “பார்த்துடலாம்” என்று சொல்ல வேண்டும். மீதியெல்லாம் செய்யச் செய்ய வந்துவிடும்.

எனக்கு அப்படித்தான் வந்தது. அதற்கு முன் பதினோரு வருடம் செருப்புக் கடையில் நின்றவன் நான். கடையை மூடிவிட்டார்கள். மாமா தன் மகனோடு போய் இருக்கக் கிளம்பியபோது, எட்டு வீடுகள் கொண்ட தன் கட்டிடத்தை என்னிடம் விட்டார். “உன் அத்தை நச்சரிச்சதால தர்றேன். பேரைக் கெடுத்துடாதே” என்று சாவிக்கொத்தைக் கொடுத்தார். எட்டு வீட்டுக்கும் எட்டு மாற்றுச் சாவிகள்.

இரண்டாம் மாடிக்காரர் புத்தக அலமாரியில் கேமரா வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அவர் ஸ்டேஷனில் கொடுத்த பதிவில், அவர் வீட்டில் நான் நடமாடியதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அது நான் நுழைந்த இரண்டாவது வீடு. முதல் வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன்.

மூன்றாம் மாடியில் ஓர் அம்மா தனியாக இருந்தார். முப்பது வருடம் ஏதோ அலுவலகத்தில் கோப்பு அறையைக் கவனித்தவர். நான் அவருக்குக் ‘கோப்பம்மா’ என்று பெயர் வைத்திருந்தேன். மாமா வரும்போது ஒரு வீட்டையாவது புதுப்பித்துக் காட்ட ஆசைப்பட்டேன். கோப்பம்மாவின் வீட்டைத் தேர்ந்தெடுத்து, பதினைந்து நாளில் வெளியேறச் சொல்லிக் கதவில் நோட்டீஸ் ஒட்டினேன்.

மறுநாள் காலை அவர் அதைப் பிய்த்துக்கொண்டு கீழே வந்தார். சிவப்பு மையால் திருத்தியிருந்தார்.

“தம்பி, ஒப்பந்தத்துல ரெண்டு மாசம்னு இருக்கு. காரணமும் எழுதணும். அப்புறம், ‘காலி’ன்னு எழுத வேண்டிய எடத்துல ‘காளி’ன்னு எழுதியிருக்கீங்க. இது செருப்புக் கடை இல்ல. படிச்சிட்டு வாங்க.”

பக்கத்தில் நின்ற பிளம்பர் சிரித்துவிட்டார். அதன் பிறகு நான் ஒட்டிய ஒவ்வொரு நோட்டீசும் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தினமும் பத்து மணிக்கு அவர் கடைக்குக் கிளம்புவார். ஒரு மணி நேரம் ஆகும். முதல் நாள் மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே போய், சும்மா சுற்றித்தான் பார்த்தேன். டப்பாக்களில் பெயர் ஒட்டியிருந்தது. மாத்திரைப் பெட்டியில் கிழமைவாரியாக அறைகள் இருந்தன. கட்டில் ஓரத்து மூக்குக்கண்ணாடியை எடுத்து ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து, அலமாரிச் சாவியைக் காணவில்லை என்று படிக்கட்டில் தேடிக்கொண்டிருந்தார். நானும் குனிந்து கூடவே தேடினேன். அடுத்த வாரம் புதன்கிழமை மாத்திரையை எடுத்து வியாழன் அறையில் போட்டேன். வெள்ளிக்கிழமை குளியலறையில் விழுந்து, மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். தரை வழுக்கியிருக்கலாம். மாத்திரையால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

அவர் கெட்டிக்காரர். ஒரு நோட்டுப் போட்டுவிட்டார். வெளியே கிளம்பும் முன் ஒவ்வொன்றையும் அதில் எழுதுவார். ‘ஜன்னல் சாத்தியாச்சு. குழாய் மூடியாச்சு. கண்ணாடி மேசையில்.’ அதைச் சமையல் மேடையிலேயே வைத்துவிட்டுப் போவார். அவர் கையெழுத்து எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. ஏழெட்டு நோட்டீஸ்களில் அவர் எழுதியது என்னிடம் இருந்ததே. ஐந்து நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எழுதுகிற வேலையில் என்னைக் குறை சொன்னவர்தானே.

ஆறாம் நாள் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்தேன். புகை ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே வந்த பிறகு, எல்லோருக்கும் முன்னால் நான்தான் ஓடிக் கதவைத் திறந்தேன். அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது எனக்குத் தெரியும். அதனால்தான் சின்னத் தீயில் வைத்திருந்தேன்.

தகவல் கேட்டு அவருடைய மகள் வந்தார். அந்த அம்மா கூடத்தின் நடுவே நின்று என்னைக் கைகாட்டிச் சொன்னார்.

“நான் அடுப்பே பத்த வைக்கல. சாவி இவன்கிட்டதான் இருக்கு. இவன்தான் வந்து போறான்.”

“அம்மா, அவர் வரலேன்னா வீடே எரிஞ்சிருக்கும்” என்றார் மகள்.

“நோட்டைப் பாரு. நான் எழுதி வச்சிட்டுத்தான் போனேன்.”

மகள் எடுத்துப் பார்த்தார். பிறகு அதை அம்மாவிடம் நீட்டினார். கடைசி வரியில், அவர் கையெழுத்தில், ‘பால் அடுப்பில் இருக்கு’ என்று இருந்தது.

அவர் அதை இரண்டு முறை படித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். “ஆமா, என் எழுத்துதான்” என்றார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்த வாரமே முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டார்கள். கட்டாயப்படுத்தி யாரும் அனுப்பவில்லை. அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். போடும் முன், “இது சரியா இருக்கா?” என்று மகளிடம் நாலு முறை கேட்டாராம்.

போகிற அன்று வண்டி வாசலில் நின்றது. மகள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னிடம் வந்து சாவியை நீட்டினார். என்னைத் திட்டவில்லை. என் முகத்தைக்கூட நேராகப் பார்க்கவில்லை.

“தம்பி, நான் ஏதாவது மறந்து வச்சிட்டேனான்னு உள்ள ஒரு தடவ பாத்துடறீங்களா? எனக்கு இப்பல்லாம் என்மேலயே நம்பிக்கை இல்ல.”

நான் மேலே போனேன். அலமாரி, பரண், கட்டிலடி என்று ஒன்று விடாமல் பார்த்தேன். கீழே வந்து, “ஒண்ணும் இல்லம்மா, நிம்மதியா போங்க” என்றேன். அவர் என்னைக் கும்பிட்டு நன்றி சொன்னார்.

இதையும் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். என்னை அவ்வளவு பேசியவர் வாய்விட்டு ஓர் உதவி கேட்டபோது நான் மாட்டேன் என்று சொல்லவில்லை.