பதினேழாம் வீட்டுக்கு அடுத்த வீடு

சுக்குக் காபி எனக்கு ஒத்துக்கொள்ளாது ஐயா. நெஞ்சு எரியும். இருந்தும் கணக்கெடுப்பு நாளில் நாற்பது டம்ளர் குடித்தேன். கடமை என்று வந்துவிட்டால் உடம்பைப் பார்க்கிற ஆள் இல்லை நான்.

கறம்பக்குடிப் பக்கம் நானூறு வீடுள்ள ஊர் அது. வாரம் இரண்டு நாள் தண்ணீர் லாரி வரும். அது இனியும் தேவையா என்று விசாரித்து எழுத வேண்டும். பத்து வீட்டுக்கு ஒரு வீடு. முதல் வீட்டுக்குச் சீட்டுக் குலுக்கினேன், ஏழு வந்தது. ஆக ஏழு, பதினேழு, இருபத்தேழு என்று நாற்பது வீடு. வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

நான் போன நேரம் ஊரே நூறு நாள் வேலைக்குப் போயிருந்தது. ஏழாம் வீடு பூட்டு. மேற்பார்வையாளர் ஜெரால்டு சாரைப் போனில் கேட்டேன்.

"பூட்டுன வீட்டு வாசல்ல நிக்காதீங்க பெலிக்ஸ். வலது கைப் பக்கம் அடுத்த வீட்டுக்குப் போங்க. அதுவும் பூட்டுன்னா அதுக்கடுத்தது" என்றார்.

போனேன். பதினெட்டாம் வீட்டில்தான் ஆள் இருந்தது. சொர்ணவல்லி அக்கா, காலில் மாவுக்கட்டு. கொல்லையில், கத்தாரில் இருக்கும் மகன் போட்டுக்கொடுத்த போர். தண்ணீருக்குக் குறையில்லை என்றார். எழுதிக்கொண்டேன். பதினேழாம் வீடும் பூட்டு. அடுத்தது பதினெட்டு. இருபத்தேழில் தொடங்கி வலப்பக்கமாகவே ஊரைச் சுற்றி வந்தேன். மறுபடியும் பதினெட்டு.

"என்ன தம்பி, திரும்பவும் நானா?"

"நீங்க இல்லக்கா. இது இருபத்தேழாம் வீட்டுக் கணக்கு."

"அவுகளுக்குத் தண்ணியே இல்லையே. லாரி வந்தாத்தான் ஒலையே வைப்பாக."

"அடுத்தவங்க வீட்டுக் கதையை எழுதக் கூடாதுக்கா. ஒங்க வீட்டுல குறை இருக்கா, அதச் சொல்லுங்க."

"எனக்கென்ன கொறை? காபி குடிச்சிட்டுப் போங்க."

இப்படி நாற்பது தடவை. ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் போகலாம் என்று எந்த விதியிலும் இல்லை, நீங்களே பார்க்கலாம். நாற்பதுக்கு நாற்பது, குறையில்லை. பிசிறே இல்லாத அறிக்கை என்று ஜெரால்டு சார் மெச்சினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் லாரியை நிறுத்திவிட்டார்கள்.

சித்திரை வெயிலில் ஜனங்கள் சொர்ணவல்லி அக்காவின் போரை முட்டிமோதி இறைத்தார்களாம். அது வற்றியதும் மாடு குளிப்பாட்டும் ஊரணியில் மொண்டு குடித்திருக்கிறார்கள். ஊரே வாந்தி பேதியில் விழுந்தது. மறு கணக்கெடுப்புக்கும் என்னைத்தான் அனுப்பினார்கள்.

இந்தத் தடவை என் கணக்கில் ஒன்று தவிர எல்லா வீடும் திறந்திருந்தது. எழுந்து வெளியே போகத் தெம்புள்ளவர் யாரும் இல்லை. எங்கள் தொழிலில் இப்படி ஒரு நாள் அமைவது அபூர்வம். ஆனால் பேதியில் கிடப்பவரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் ஆத்திரத்தில்தான் பதில் வரும். அதை எழுதினால் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஆகவே அந்த முப்பத்தொன்பது வீட்டையும் தள்ளினேன்.

பதினேழாம் வீடு மட்டும் பூட்டு. அது முனியசாமி வீடு. தனியாள். முந்தின நாள்தான் பிணத்தை எடுத்திருந்தார்கள். விதிப்படி அடுத்த வீட்டுக்குப் போனேன்.

சொர்ணவல்லி அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தார். காபி தரவில்லை. மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் மாறிவிடுகிறார்கள் என்று வருத்தமாக இருந்தது.

"தண்ணி இல்ல தம்பி. இதையாவது எழுதிக்கங்க" என்றார்.

எழுதினேன் ஐயா. எழுதிவிட்டு, நானேதான் கோடு போட்டு அடித்தேன். பழைய அறிக்கையே சரி என்று கையெழுத்தும் போட்டேன். ஒரே ஒரு வீட்டின் பேச்சை வைத்து ஒரு ஊரையே எப்படி முடிவு செய்வது?