டம்ளர் கிணுங்காத காலை

— என்ன மேஸ்திரி, ரயிலுக்கு ரப்பர் செருப்பு மாட்டி விட்டுட்டீங்களா? பூனை மாதிரில்ல போகுது!

— செருப்பு இல்லண்ணே, பாய். பழைய டயரை அரைச்சு, பாயா அழுத்தி, ஜல்லிக்கு அடியில விரிச்சிருக்கோம். அதிர்வையெல்லாம் அது வாங்கிக்கும். உங்க பஞ்சர் கடைக்குப் பின்னாடி குவிஞ்சு கிடந்த டயரும் அதுலதான் இருக்கு.

— அள்ளிக் கொடுத்தவனே நான்தானே. கொசு ஒழிஞ்சுதுன்னு சந்தோஷமாக் கொடுத்தேன், பாத்துக்க. இப்படி ஆகும்னு யாரு கண்டா?

— நல்லதுதானேண்ணே ஆகியிருக்கு? எதிர்வீட்டுக் கைக்குழந்தை இப்பதான் திடுக்கிடாம தூங்குதாம். அதோட அம்மா நேத்து எங்க எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாங்க.

— தூங்கட்டும்ப்பா, பச்சைப்புள்ள நல்லா இருக்கட்டும். என் வீட்டுக்கு நேரா மட்டும் ரெண்டு பாயை உருவிடேன்.

— உருவுறதா? மேல அவ்வளவு ஜல்லி, அதுக்கு மேல தண்டவாளம்! என்ன விளையாடுறீங்களா? உங்களுக்கு என்னதாண்ணே குறை?

— அலமாரியில எவர்சில்வர் டம்ளரா அடுக்கி வச்சிருக்கேன். காலையில சரக்கு வண்டி போனா அத்தனையும் கிணுகிணுங்கும்.

— கிணுங்கலைன்னா நிம்மதிதானே?

— அந்த வண்டியை ஓட்டுறது என் மக.

— தெரியும்ண்ணே.

— சண்டை போட்டுக்கிட்டுப் போனவ. அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே வீம்பு, பேச்சு வார்த்தை இல்ல. ஆனா டம்ளர் சத்தம் கேட்டா, வாசல் வரைக்கும் வந்துட்டுப் போறான்னு வச்சுக்குவேன். பத்திரமாக் கொண்டு சேர்த்துடு ஆண்டவனேன்னு கும்பிட்டுட்டுதான் கடையைத் திறப்பேன். இப்ப அவ வந்தாளா, போனாளான்னே தெரியல, பாத்துக்க.

— அண்ணே, உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு கேட்டுக்கிச்சு. மனசு கேக்கல, சொல்லிடுறேன்.

— என்னது?

— எந்த இடத்துல முதல்ல பாய் போடலாம்னு டிரைவருங்களைக் கேட்டோம். அது இந்த வளைவைத்தான் காட்டுச்சு. ‘அங்க எங்கப்பா இருக்காரு. நான் போறப்ப எல்லாம் அவரு தூக்கம் கெடும். என்னால முடிஞ்சது இதுதான்’னுச்சு.

— கடவுளே!

— அழாதீங்கண்ணே. நான் வேணா அதுகிட்டப் பேசிப் பாக்கட்டுமா?

— நீ பேச வேணாம், பைக்கை எடு. ஸ்டேஷன்ல என்னை இறக்கி விட்டுடு. இத்தனை நாளும் அப்பா முழிச்சுக்கிட்டுதாம்மா இருந்தேன்னு நானே சொல்லிக்கிறேன்.