ஐந்து விரல் வீடு

எசமானே, இந்த மேசை விரிப்பை மட்டும் என் கைப்பக்கத்திலிருந்து கொஞ்சம் இழுத்துவிடச் சொல்லுங்கள். துணிக்கு அடியில் கை போவது எனக்கு இப்போதெல்லாம் ஆகவில்லை. மற்றபடி சௌகரியமாகத்தான் இருக்கிறேன். உட்கார நாற்காலி, குடிக்கச் சுக்குவெள்ளம். சாலைக் கடைவீதியில் இத்தனை காலம் நின்றிருக்கிறேன், ஒருவனும் எனக்கு நாற்காலி போட்டதில்லை.

பேர் பகவதிப்பெருமாள். தொழில் தரகு. காளையோ, கருப்பட்டியோ, கொப்பரையோ, ஒருவன் விற்று ஒருவன் வாங்கினால் நடுவில் நான் நிற்பேன். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். எந்த விரலைப் பிடிக்கிறோம், எத்தனை விரலை அழுத்துகிறோம் என்பதுதான் விலை. மேலே வாய் பாட்டுக்கு மழையைப் பற்றியும் மச்சினிச்சி கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். வாய்க்கும் விரலுக்கும் சம்பந்தம் கிடையாது. எழுத்து படிப்பதற்கு முன்பே எனக்குப் பழகியது இதுதான். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் நியாயமாகவே தெரியும்.

ஞானையனைக் களியக்காவிளைச் சந்தையில் பழக்கம். காளை வியாபாரி. முரட்டுக் காளை ஒன்று கயிற்றோடு சேர்த்து அவனுடைய வலது மோதிரவிரல் நுனியையும் கொண்டுபோய்விட்டது. துண்டுக்கு அடியில் அந்தக் குட்டை விரல் வந்தால் அதை முழு விரலாக எண்ணுவதா, குறைவாக எண்ணுவதா என்று சந்தையே சிரிக்கும். நல்ல மனுஷன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பூவாற்றுக்கு உள்ளே காயல் நடுவில் ஒரு மண்திட்டு அவனுக்குக் கிடைத்தது. அந்தப் பக்கத்தில் துருத்து என்பார்கள். தாழம்புதர், பாம்பு, நாலைந்து கிழட்டுத் தென்னை. மேற்கு ஓரத்தில் ஒரு பழைய குழி. முன்காலத்தில் கயிறு திரிக்கத் தொண்டு என்கிற தேங்காய் மட்டை ஊறப்போட்ட குழி அது. மேலே பார்த்தால் நாய் படுக்கிற தரை மாதிரி இருக்கும். கால் வைத்தால் இழுக்கும். அங்கே வீடு கட்டி, பெண்டாட்டி சுசீலாபாயைக் கொண்டுவந்து குடிவைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கொத்தன்மார் யாரும் வள்ளத்தில் ஏறவில்லை. அந்தத் துருத்தில் மாடன் இருக்கிறானாம், குடியேறினால் ஆளைக் கேட்பானாம்.

"மாடன் இருந்தா நல்லதுல்லா வே? அவனையும் மண்ணு சவுட்டச் சொல்லுவோம்" என்றான் ஞானையன். வேதக்காரன், பயமில்லை. எனக்கும் அப்போது சந்தையில் வேலையில்லை. போய்த்தான் பார்ப்போமே என்று போனேன்.

எசமானே, நான் அதுவரை ஒரு பொருளையும் செய்தவனில்லை. ஆயிரம் பொருள் என் கை வழியே போயிருக்கிறது, ஒன்றும் தங்கியதில்லை. குடியிருப்பது புகையிலைக் கிட்டங்கி மச்சில், வாடகைக்கு. அப்படிப்பட்டவன் காலால் மண் மிதித்து, உமி கலந்து, உருண்டை உருண்டையாகக் கையால் எடுத்து வைத்துச் சுவர் எழுப்பினேன். ஒரு படை வைத்தால் அது காய்ந்த பிறகுதான் அடுத்த படை. முதல் படை காய்ந்ததும் பார்த்தேன், என் உள்ளங்கை சுவரில் அப்படியே பதிந்திருந்தது. ரேகை வரை தெரிந்தது. அன்றுமுதல் விடிந்ததும் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன்.

"வேய் பெருமாளே, நீரு செவரத் தடவுகதப் பாத்தா எனக்குல்லா வெக்கமா இருக்கு. ஒரு பெண்ணு கெட்டும்."

"பெண்ணு பேசும். செவரு பேசாது" என்றேன்.

வீட்டில் ஐந்து பாகம். முன்வராந்தா, கூடம், படுக்கையறை, அடுக்களை, பின்னால் ஒரு சாமான் அறை. பொழுது சாய்ந்தால் வேலை முடித்து உட்கார்ந்து நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம். நான் துண்டை நீட்டுவேன். "வீட்டுல எனக்கு என்ன தருவீர்?" அவன் துண்டுக்கு அடியில் அந்தக் குட்டை விரலை மட்டும் கொடுப்பான். சாமான் அறை.

"அதுவும் முழுசு இல்ல வே, முக்கால் அறை. நீரு எப்பம் வந்தாலும் அங்க கெடக்கலாம். ஆனா சுசீலா அவளுக்க கருவாட்டுப் பானைய அங்கதான் வைப்பா, கேட்டீரா."

சிரிப்பான். நானும் சிரிப்பேன். ஆனால் நான் விளையாடவில்லை. விலைக்குக் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் சிரித்தான். ஈஸ்டர் கழிந்து அவள் வந்துவிடுவாள் என்றான். அவள் வந்தால் நான் புகையிலை மச்சுக்குத் திரும்ப வேண்டும். என் கைத்தடத்தின் மேல் அவள் சாணி பூசி மெழுகுவாள். பெண்கள் அப்படித்தான் செய்வார்கள், தப்பில்லை.

வாசல் நிலைக்கு மேலே படை வைக்க வேண்டிய நாள். நல்ல பசை மண் குழி ஓரத்தில்தான் கிடைக்கும். ஞானையன் வெட்டிக்கொண்டிருந்தான், கரை இடிந்தது. நான் தள்ளவில்லை. இதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் சத்தம் கேட்டு வந்தபோது இடுப்புக்கு மேல் உள்ளே போயிருந்தான். உச்சி சாய்ந்த நேரம். காயல் கடலில் சேருகிற பொழி திறந்திருந்த மாசம், கடல் ஏறினால் காயலும் ஏறும்.

"கயிறு எடும் வே! வள்ளத்துல கயிறு கெடக்கு!"

வள்ளம் துருத்தின் மறுபக்கத்தில் கட்டிக் கிடந்தது. போய் வர நேரமில்லை என்று எனக்குத் தோன்றியது. நீட்டுவதற்கு ஒரு கழிகூடப் பக்கத்தில் இல்லை. ஆகையால் கரையில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். அவன் பிடித்துக்கொண்டான். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கைக்கும் மேலே போட்டேன்.

ஏன் போட்டாய் என்று உங்கள் ஏட்டு கேட்கிறார். பழக்கம்தான். சுற்றிலும் ஒரு காக்கைகூட இல்லை. இருந்தாலும் வெட்டவெளிச்சத்தில் கையைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுவது நாகரிகமில்லை.

அவன் ஒரு விரலை அழுத்தினான். இரண்டு, மூன்று என்று கூடியது. முதலில் சொல்லும் விலைக்கு எவனும் தலையாட்ட மாட்டான், அது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. வாய் அதுபாட்டுக்கு என்னென்னவோ பேசியது. கர்த்தரைக் கூப்பிட்டான், சுசீலாவைக் கூப்பிட்டான், என்னைப் பெற்றவளைத் திட்டினான். எந்தப் பேரத்திலும் வாய் எதையாவது பேசிக்கொண்டுதான் இருக்கும். நான் விரலைத்தான் கவனித்தேன். கடைசியில் ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தான். முழு வீடு.

அதன் பிறகு தண்ணீர் ஏறிவிட்டது.

வீட்டை நான் ஒருவனாகவே முடித்தேன். கூரை மேய்ந்தேன். ஞானையன் எங்கே என்று கேட்டவர்களுக்கு, போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணியோடு போய்விட்டான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தரகன் வாய், வெறும் சரக்கை விற்காது, கொஞ்சம் மினுக்கி வைக்கும். "வாசல் நிலை தூக்கி வைக்கிறதுக்குக்கூட அவன் நிக்கல்ல" என்று சேர்த்துச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது.

தொழில் கெட்டதும் அப்போதிருந்துதான். சாலையில் ஒரு மிளகு வியாபாரி துண்டுக்கு அடியில் கை கொடுத்தான். அவன் பிடித்தது ஒரு விரல். ஆனால் எனக்கு ஐந்தும் தெரிந்தது, அதில் ஒன்று குட்டை. கை சில்லென்று இருந்தது, நகக்கண்ணில் மண் நெருடியது. நான் உதறினேன். வியாபாரி தன்னை அவமானப்படுத்தியதாகச் சண்டைக்கு வந்தான். அடுத்த சந்தையிலும் அப்படியே. எவன் துண்டைப் போட்டாலும் உள்ளே இன்னொரு கை முன்னாலேயே வந்து காத்திருக்கும். பிறகு வேட்டி மடிப்புக்குள்ளும் வந்தது. கர்க்கடக மழையில் பல் கிட்டும், போர்வையை இழுத்தால் உள்ளே பிடி விழும். போர்த்தாமலே படுத்தேன்.

வீட்டிலும் ஒரு விஷயம். எல்லாச் சுவரும் கல்லாக இறுகிவிட்டது. வாசல் நிலைக்கு மேலே உட்பக்கம் ஒரு இடம் மட்டும் காயவேயில்லை. வேனலில்கூட ஈரம் கோத்துக்கொண்டு நிற்கும். மாடன் என்று நினைத்துப் பழமும் பொரியும் வைத்துப் பார்த்தேன். மாடனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை போலிருக்கிறது.

சுசீலாபாய் வந்தாள். ஒரு டிரங்குப்பெட்டி, வேதப்புத்தகம், கருவாட்டுப் பானை. புருஷன் திரும்பி வரும்வரை இங்கேயே இருப்பேன் என்றாள். துரத்த எனக்கு மனமில்லை. சாமான் அறையைக் கொடுத்தேன். அவள் புருஷன் எனக்குக் கொடுக்க வந்த அதே விலை, ஒரு காசு கூட்டவில்லை, குறைக்கவில்லை. முக்கால் அறை என்றுகூடச் சொல்லவில்லை, முழு அறை. அவள் ராத்திரி ஜெபம் சொல்லும்போது ஞானையன் பேர் வரும் இடத்தில் நானும் ஆமென் சொல்லுவேன்.

அந்த ஈரம் அவள் தலையில் சொட்டியிருக்கிறது. இந்த ஐப்பசி மழையில், முக்காலியைப் போட்டு ஏறித் துணியால் துடைத்தாள். மேலே நான் பூசி வைத்திருந்த சாணிப்பூச்சு பெயர்ந்து அவள் கையோடு வந்தது. உள்ளே ஒரு கைத்தடம். அவள் தன் விரலை ஒவ்வொன்றாக அதற்குள் வைத்துப் பார்த்தாள். மோதிரவிரல் மட்டும் முக்காலில் முட்டியது.

"அண்ணாச்சி, இது அவிய கையில்லா?"

நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"நெலை வைக்கதுக்கு முன்னாலயே போயாச்சுன்னு சொன்னிய. நெலைக்கு மேல அவிய கை எப்பிடி வந்து?"

குரலை உயர்த்தவில்லை. முக்காலியை எடுத்து இருந்த இடத்தில் வைத்தாள். குடை பிடித்துக்கொண்டு வள்ளத்துறைக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. உங்கள் ஆட்கள் வரும்வரை கூடத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை குழியைக் கிளறி எடுத்ததைப் பார்த்தபின் நீங்கள் ஒன்று நினைக்கிறீர்கள். செத்தவன் கையை எடுத்து அச்சுக் குத்தினேன் என்று. எசமானே, நான் அவ்வளவு கேடுகெட்டவனில்லை. செத்தவன் கைநாட்டு எந்தக் கோர்ட்டுக் கச்சேரியிலும் செல்லாது என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் தடத்தின் ஆழத்தைப் பாருங்கள். உயிரோடு இருப்பவன்தான் அப்படி அழுத்துவான்.

ஐந்து விரலையும் கொடுத்தவன் கரையேறியதும் மாற்றிப் பேசுவான். இக்கட்டில் விற்றவன் இக்கட்டு தீர்ந்தால் விற்கவேயில்லை என்பான், நான் பார்க்காததா. எனக்கு ஒரு அடையாளம் வேண்டியிருந்தது. "இருடே, இப்பம் வாறேன்" என்று கையை விடுவித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மிதித்து வைத்த மண்ணில் நல்லதாக ஒரு உருண்டை எடுத்து, கல் பொறுக்கி, பதமாகப் பிசைந்து கொண்டுவந்தேன். அப்போது தோள்வரை போயிருந்தான். கைநாட்டு வைத்தால் தூக்குகிறேன் என்றேன். வைத்தான். மறுபேச்சுப் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வைத்தான். அவ்வளவு சுத்தமான அச்சு என் ஆயுளில் பார்த்ததில்லை.

அதை நசுங்காமல் கொண்டுபோய் நிலைக்கு மேலே வைத்து, ஓரம் நிரவி, திரும்பி வந்தேன். திரும்பி வந்தேன், எசமானே. காயல் மட்டம் சமமாக இருந்தது. துண்டு மட்டும் மிதந்தது.

நீட்ட ஒன்றும் இல்லை என்று சொன்னாயே, மண்ணை எதில் கொண்டுவந்தாய் என்றுதானே கேட்கிறீர்கள். சுவர் தட்டுகிற பலகையில். ஆள் நீளம், ஆஞ்சிலிப் பலகை, இரண்டு பேர் ஏறி நின்றாலும் வளையாது. அவனும் அதைத்தான் பார்த்தான். அச்சு குத்தி முடித்ததும் அந்தக் கையாலேயே பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். ஆனால் மண் ஈரமாக இருந்ததே. பலகை ஆடினால் அச்சு கெட்டுவிடும். அதனால் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன், குட்டை விரலைக் கடைசியாக.