முன்னால் போய்த் திறப்பவர்

இரவு எட்டு ஐம்பது. செப்டம்பர் மாதம். ஆள் நடமாட்டமே இல்லாத கால்வாய்க் கரை...

அந்த வரைபடத்தைக் கொஞ்சம் மடித்து வையுங்கள். அடுத்த மாதம் படகு எடுக்கிறோம், எந்தெந்தப் பப்பில் நிற்கலாம் என்று ஆளுக்கொரு பேனாவோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். நானும் வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். வர மாட்டேன் என்று இப்போதும் சொல்லவில்லை. ஆனால் ஹோவர்ட் பின்ஃபோல்டுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டுப் புள்ளி வையுங்கள். என்னோடு நூலகத்தில் வேலை பார்க்கிற ப்ரான்வென் இருக்கிறாளே, அவளுடைய பெரியப்பா.

பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிற வேலையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவர். ஓய்வு பெற்றதும் முதல் ஆசை, மனைவி டாஃப்னியோடு ஒரு வாரம் கால்வாய்ப் படகு. குளிர்காலம் முழுவதும் சாப்பாட்டு மேசையில் வரைபடம்தான். ஏழு நாள், பதினோரு பப். எந்த பப்பில் எத்தனை மணிக்கு அடுப்பை அணைப்பார்கள் என்பது வரை போன் போட்டுக் கேட்டு, அட்டவணை அடித்து, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு பாடுபடல நீ" என்றார் டாஃப்னி.

"அன்னிக்கு உங்கம்மா பாத்துக்கிட்டாங்க."

உங்களில் லாக் பார்க்காதவர்கள் இருக்கிறீர்கள், ஒரு வார்த்தை. கால்வாய் ஒரு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் இடத்தில் படகு நிற்கிற அளவுக்கு ஒரு தொட்டி இருக்கும். மேலே கதவு, கீழே கதவு. கதவுகளில் மதகு. ஓர் இரும்புச் சாவியைப் போட்டுச் சுற்றினால் மதகு ஏறும்... டிக், டிக், டிக் என்று பல்லுப் பல்லாக. தண்ணீர் வடிந்ததும் படகு இறங்கிவிடும். வெளியே போனதும் மதகுகளை இறக்கிவிட வேண்டும். கால்வாய்க்காரர்களுக்கு அது குளித்தால் துவட்டிக்கொள்வது போன்ற பழக்கம். மறந்தால் மேலே இருக்கிற தண்ணீரெல்லாம் இரவோடிரவாக ஓடிப்போய்விடும்.

இரண்டாம் நாள் மதியம் பப்பில் அட்டவணையில் இல்லாத மூன்றாவது கோப்பை பியர், அதன் பிறகு படகில் ஒரு நீண்ட தூக்கம். அதனால் நாலு பத்துக்குப் போக வேண்டிய லாக்குக்கு எட்டரைக்குத்தான் போனார்கள். இருட்டு. லாக்குக்கு மேலே கரையோரமாக ஒரே ஒரு படகு. புகைபோக்கியில் கரிப்புகை. சிரில் டிரான்டர் என்று ஒரு கிழவர், எண்பதைத் தாண்டியவர், தேநீர்க் கோப்பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். படகுதான் அவருக்கு வீடு.

"முதல் தடவையா தம்பி?" என்று கேட்டார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானே போய் லாக்கைத் தெறந்து வெச்சிருப்பேன். இப்ப முட்டி விட மாட்டேங்குது. ஒண்ணு மட்டும் செய். போறப்ப ஒரு தடவ திரும்பிப் பாரு."

ஹோவர்ட் கையை ஆட்டினார். அவ்வளவுதான்.

டாஃப்னி சுக்கான் பிடித்தார், ஹோவர்ட் கரையில் ஓடியாடி மதகு திறந்தார். படகு இறங்கியது. கீழே, முந்நூறு அடி தூரத்தில், 'நொண்டி அன்னம்' பப்பின் மஞ்சள் விளக்கு. மாட்டிறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுடுகிற 'பை'யின் வாசனை கரை வரைக்கும் வந்தது.

"ஒம்பதுக்கு அடுப்ப அணைச்சிருவாங்க, ஹோவர்ட். ஏறு சீக்கிரம்."

எட்டு ஐம்பதுக்கு ஏறிவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

பை வந்தது, பட்டாணி வந்தது. ஒன்பது இருபதுக்கு ஹோவர்ட் இடுப்பைத் தடவினார். பெல்ட்டில் சாவி இல்லை. படகுக் கம்பெனி கொடுத்த மஞ்சள் பூசிய சாவி... கீழ்க் கதவின் மதகிலேயே நின்றுவிட்டது. சாவி அங்கே என்றால் மதகும் திறந்தேதான் இருக்கிறது. மேல் மதகில் ஒன்றைப் பாதிதான் இறக்கினோம் என்பதும் அப்போதே ஞாபகம் வந்தது. இதைக் கவனியுங்கள். அவருக்குத் தெரியாமல் நடந்ததில்லை. தெரிந்தது. ஐந்து நிமிடம் நடந்தால் போதும்.

வெளியே தூறல். டாஃப்னியிடம் மெதுவாகச் சொன்னார்.

"காலைல பாத்துக்கலாம். பை ஆறிடும்" என்றார் டாஃப்னி.

ஹோவர்ட் இன்னொரு கோப்பை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

காலையில் கரையெங்கும் நாற்றம். சேறு, அழுகல், பழைய இரும்பு... லாக்குக்கு மேலே கால்வாயே இல்லை. வெறும் பள்ளம். கரையோரமாகக் கிழவரின் படகு கயிற்றில் தொங்கிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தது. சிரில் டிரான்டர் படகுக்குள் இல்லை. லாக்குக்குப் பத்தடி முன்னால் சேற்றில் மார்பு வரை புதைந்து, முகம் முன்னால் கவிழ்ந்து கிடந்தார். ஒரு கை மதகுப் பக்கமாக நீண்டிருந்தது. படகு சாய்ந்ததும் எழுந்து, அந்த முட்டியை வைத்துக்கொண்டு, மதகை இறக்கப் போயிருக்கிறார்.

பப்பில் கால்வாய் அலுவலகத்து ஆள் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். மதகுகள் எல்லாம் ஏறித்தான் இருந்தன, சாவி மட்டும் எங்கேயும் இல்லை என்றார். பிறகு ஹோவர்டைப் பார்த்து, நீங்கள் எத்தனை மணிக்கு லாக்கைத் தாண்டினீர்கள் என்று கேட்டார்.

வாயைத் திறந்தபோது உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று ஹோவர்ட் பிற்பாடு டாஃப்னியிடம் சொன்னாராம். ஆனால் கை தானாகக் கழுத்துக்குப் போய் அட்டவணையைத் தூக்கிக் காட்டியது. லாக், நாலு பத்து. பப்புக்குக் கீழே படகைக் கட்டுவது, நாலரை. அந்த ஆள் அப்படியே எழுதிக்கொண்டார்.

"இப்படிக் குறிச்சு வெச்சு நடக்கறவங்க இதெல்லாம் செய்ய மாட்டாங்க கண்ணு" என்றாள் பப்புக்காரம்மா. அவள் கண் சிவந்திருந்தது. சிரில் தினமும் அவள் கடைக்கு வருகிறவர்.

ஹோவர்ட் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "சில பேருக்குப் படகையே குடுக்கக் கூடாதுங்க" என்றார். டாஃப்னி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாக்கியம் ஹோவர்டின் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. சாகும் வரை அது இறங்கவில்லை.

அன்று மதியம் அடுத்த லாக். ஹோவர்ட் இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு கரையில் குதித்தார். தேவையிருக்கவில்லை... லாக் நிரம்பியிருந்தது. மேல் கதவு அவர்களுக்காக விரியத் திறந்திருந்தது. எதிரில் படகு எதுவும் வரவில்லை. கரையில் ஒருவரும் இல்லை. கால்வாயில் இது ஒரு மரியாதை. கூட்டாளி ஒருவர் முன்னால் நடந்து போய், வருகிற படகுக்கு லாக்கைத் தயாராக வைப்பார். ஹோவர்டுக்கு அப்படிக் கூட்டாளி யாரும் கிடையாது.

கதவைத் தள்ளித் திறக்கிற கைமரத்தில் ஈரம். சேற்றில் ஐந்து விரல்.

அதற்கடுத்த லாக்கும் அப்படியே. அடுத்ததும். இறங்கி முடித்துத் திரும்பிப் பார்த்தால் மதகுகள் எல்லாம் ஒழுங்காக இறங்கியிருந்தன. ஹோவர்ட் தொடக்கூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவர்கள் போய்ச் சேர்ந்த நேரம், அட்டவணையில் போட்ட நேரம். நிமிடம் பிசகவில்லை.

ராத்திரி 'உழவன் கை' பப்பில் முதலாளி கேட்டார், "பின்ஃபோல்டு தானே? உங்களுக்கு ஜன்னலோரம் மேசை போட்டிருக்கேன். உங்ககூட வர்ற பெரியவர் முன்னாடியே வந்து சொல்லிட்டுப் போனாரு. உக்காரச் சொன்னேன், மாட்டேன்னுட்டாரு. தரையெல்லாம் அழுக்காயிரும்னாரு."

மூன்று பேருக்கு மேசை போட்டிருந்தது.

ஹோவர்ட் எழுந்து போய்ப் பப்பின் வாசலிலிருந்து கால்வாய் அலுவலகத்துக்குப் போன் போட்டார். மணி அடித்தது. ஒரு பெண், சொல்லுங்க என்றாள். சொல்லுங்க, கேக்குதா என்றாள். ஹோவர்டுக்கு உடம்பெல்லாம் கூசியது. பயத்தை விட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. பேய் என்று ஒன்று வந்து கழுத்தை நெரித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பார். இந்தக் கிழவர் உதவி செய்துகொண்டே போகிறார்... போனை வைத்துவிட்டார்.

படகைத் திருப்பிக் கொடுக்கும்போது, இரண்டு சாவியில் ஒன்று எங்கே என்று கேட்டார்கள். தண்ணீரில் விழுந்துவிட்டது என்றார். வழக்கமாக விழுவதுதான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்து எந்தக் கால்வாயும் நாற்பது மைலுக்குக் குறைந்த தூரத்தில் இல்லை. ஆனாலும் ஹோவர்ட் எட்டு மணிக்கு மேல் யாரோடும் பேச மாட்டார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எட்டு ஐம்பது ஆனதும், "கேட்டியா?" என்பார்.

"ஒண்ணும் கேக்கல" என்பார் டாஃப்னி. கேட்டது. டிக்... டிக்... டிக். எங்கோ தூரத்தில். ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் பக்கத்தில். இதையும் டாஃப்னி கடைசி வரை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. அதைச் சொல்லித்தான் ப்ரான்வெனிடம் அழுதாராம்.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை டாஃப்னி தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். ஹோவர்டின் குறட்டைக்குப் பயந்து தனி அறையில் படுப்பது வழக்கம். தாழ்வாரத்தில் ஐஸ் காற்று வீசியது. தெருக் கேட் திறந்திருந்தது. வாசல் கதவு திறந்திருந்தது. நடைக் கதவு, ஹோவர்டின் படுக்கையறைக் கதவு... தெருவிலிருந்து கட்டில் வரை எல்லாம் விரியத் திறந்து, ஒரே வரிசையில், தயாராக. ஒவ்வொரு கதவிலும் சேற்றில் ஐந்து விரல். ஹோவர்ட் மல்லாந்து கிடந்தார். உடம்பு விறைத்து மணிக்கணக்காகியிருந்தது. மூடிய கைக்குள் ஒரு மஞ்சள் சாவி. இன்னும் ஈரமாக இருந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர்.

துக்கம் கேட்க ப்ரான்வென் போனபோது டாஃப்னி அதுவரை யாருக்கும் சொல்லாததையெல்லாம் சொன்னார். அந்த இறைச்சிப் பைக்கு ஆசைப்பட்டுக் காலைல பாத்துக்கலாம்னு சொன்னது நான்தான் என்றார். அலுவலகத்துக்கு எழுதிப் போடலாமே என்று ப்ரான்வென் கேட்டாள். போன மனுசன் பேரைக் கெடுக்கணுமா என்றார் டாஃப்னி. அது ஹோவர்டின் பேருக்காகச் சொன்னதில்லை என்று இருவருக்கும் தெரியும். ப்ரான்வெனும் எழுதவில்லை. என்னிடம் சொன்னாள். நானும் எழுதவில்லை, உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சாவியை டாஃப்னி துணியில் சுற்றிச் சமையலறை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ப்ரான்வென் அதைக் கண்ணால் பார்த்தாள்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு ஐம்பதுக்கு டாஃப்னி அவளுக்குப் போன் போட்டிருக்கிறார். இழுப்பறையின் பூட்டு அப்படியே இருக்கிறது, உள்ளே துணி மட்டும்தான் இருக்கிறது, சாவி இல்லை என்றாராம்.

ப்ரான்வென் பதில் சொல்வதற்குள், கொஞ்சம் இரு, என்றார். யாரோ தெருக் கேட்டைத் திறந்து வைக்கிறார்கள்.