கப்பல் பெட்டியும் கோணி ஊசியும்

சங்கு ஊதுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. விமானம் வருகிறது என்று அர்த்தம். 1965 செப்டம்பர். பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம். கொச்சி மட்டாஞ்சேரிச் சந்தில் கைவண்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். வண்டியில் என் புருஷன் காதர். சக்கரம் கடகடவென்கிறது. அதற்குள் இன்னொரு சத்தம். சொட்டு. சொட்டு. திரும்பிப் பார்க்கவில்லை. நாற்றமே சொல்லிவிட்டது.

மிளகுப் பண்டகசாலைதான் எங்கள் தெருவுக்குப் பதுங்குமிடம். கெட்டிச் சுவர். வாசலில் மூப்பன் நிற்கிறான், மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தலைவன். காதரோடு பத்து வருஷம் சாயா குடித்தவன். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, உள்ளே ஏற்றாதே என்று கத்தினான்.

"இவர உள்ள கேத்தண்டா! மொளகுல நாத்தம் பிடிச்சா சரக்கு மொத்தம் போச்சு! நீ மட்டும் வா தங்கச்சீ!"

நான் போகவில்லை. மதிலோரம் வண்டியை நிறுத்தினேன். அவர்மேல் ஒரு சாக்கைப் போர்த்தினேன். காத்திருந்தோம். சங்கு ஒரே நீட்டமாக ஊதி ஓய்ந்தது. விமானம் வரவில்லை. எனக்கு அருவருப்பு. மூப்பன்மேல். போரின்மேல். காதர்மேல் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவர்மேலும்தான்.

அந்த மழைக்காலத்தில்தான் மூட்டை அடுக்கு சரிந்து அவர் இடுப்பு உடைந்தது. நடக்க முடியாது. மலமோ மூத்திரமோ அடக்க முடியாது. எரிச்சல் மட்டும் தெரியும். பட்ட காலிலே படும் என்பார்கள். பிறகு போர் வந்தது. சங்கு ஊதினால் ஊரோடு உள்ளே போக வேண்டும். துணி கட்டினால் தாங்கவில்லை.

கப்பல்காரர்கள் கரையில் விற்றுவிட்டுப் போன சாமானில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குக் கட்டி, நனைந்ததும் எறிகிற காகிதக் கோவணம். உள்ளே பஞ்சு, வெளியே பிளாஸ்டிக். பன்னிரண்டு. என் தூக்குவாளியைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். ஒன்று காதரின் தொடைக்குக்கூடப் போதாது.

நான் அதே பண்டகசாலையில் சாக்குத் தைக்கிறவள். கை பழக்கத்தில் போனது. கோணி ஊசியை எடுத்தேன். சணலைக் கோத்தேன். இரண்டை நீளவாட்டில் சேர்த்தேன். மூன்றாவதை வெட்டி இரண்டு பக்கமும் வைத்தேன். மூட்டை வாயைத் தைப்பதுபோல் நெருக்கித் தைத்தேன். பெருமை வேறு. ஒவ்வொரு தையலும் பிளாஸ்டிக்கில் ஓர் ஓட்டை. தோன்றவில்லை. சணல் முழுக்க மிளகுத் தூசி. அதுவும் தோன்றவில்லை.

அதைக் கட்டித்தான் அன்று வண்டியில் ஏற்றினேன். மதிலோரம் இருந்து வீடு திரும்பி அவிழ்க்கிறேன். தொடையிடுக்கு செக்கச் செவேலென்று வெந்திருக்கிறது. மலத்தோடு மிளகு. வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அவர் காதில் விழுந்திருக்கும்.

"சாரமில்ல," என்றார். பரவாயில்லையாம்.

ஊசியை எறிந்தேன். மறுநாள் பகலில், மெழுகுவர்த்திச் சுடரில் ஓரங்களை உருக்கி ஒட்டினேன். இடுப்புக்கு நாடா. மும்மூன்றாகச் சேர்த்து இரண்டு செய்து வைத்தேன். அடுத்த சங்குக்கு மூப்பன் குனிந்து முகர்ந்தான். சீ. மனிதனை மனிதன் முகர்வதா?

"கேறிக்கோ!" என்று கத்தினான்.

உள்ளே போனோம். வீட்டில் அவிழ்த்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அதற்கடுத்த சங்குக்கு இரண்டாவதைக் கட்டினேன். அதுவும் காய்ந்திருந்தது. என் கைவேலை பலித்தது என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். உதடு வெடித்திருந்தது.

போர் நின்றதென்று ரேடியோ சொன்ன வாரத்தில் அவருக்குப் பேச்சு நின்றது. பிறகு மூச்சு.

அவர் உடலை, மய்யித்தை, குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க வீட்டுக்குப் பின்னால் போகிறேன். அவர் படுக்கைச் சன்னலுக்குக் கீழே, சுவரில் சாயாக் கறை. கோடு கோடாக. கஞ்சிப் பருக்கை. நான் வேலைக்குப் போகும்முன் அவர் குடிக்க வைத்துவிட்டுப் போனது எல்லாம் அங்கே இருந்தது.

கொச்சியில் ஒரு குண்டும் விழவில்லை. போரில் செத்தவர்களில் காதரை யாரும் சேர்க்கவில்லை. நான் சேர்க்கிறேன். ஆள் ஒன்று. தூக்குவாளி ஒன்று. காகிதக் கோவணம் ஒன்பது. அதில் ஆறு நனையவே இல்லை.